ஸ்லீவா, பைபாஸா? எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட எல்லையோரக்காரர்கள் வாருங்கள்

மேல்புறம்_ரப்பர்

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ஊர், ரப்பர் ஷீட் வியாபாரம். வயது 44, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 122 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் 43 வருகிறது. சுகருக்குக் காலையும் ராத்திரியும் இன்சுலின். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று முகத்தில் மாட்டுகிற சிபேப் மெஷினும் தந்திருக்கிறார்கள். அதைப் போட்டால் நான் தூங்குவேன், கழற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் தூங்க மாட்டார்.

திருவனந்தபுரத்தில் நான் காட்டுகிற டாக்டர், இனி பத்தியம் மட்டும் போதாது, எடை குறைப்பு ஆபரேஷனைப் பற்றி யோசியுங்கள் என்கிறார். ஸ்லீவ், பைபாஸ் என்று இரண்டு படம் வரைந்து காட்டினார். தலையாட்டிவிட்டு வந்தேன், ஒன்றும் ஏறவில்லை. 2024 ஏப்ரலில் சென்னைப் பக்கம் இதே ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரிப் பையன் ஒருவர் இறந்துபோன செய்தியை வீட்டுக்காரி போனில் பத்திரமாக வைத்திருக்கிறாள். பேச்சை எடுத்தாலே அதைத்தான் காட்டுகிறாள்.

செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள். வலி எப்படி, சாப்பாடு எப்படி, சுகர் நிஜமாகவே போகுமா, ஒரு வருஷம் கழித்து வாழ்க்கை எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரி விளம்பரம் வேண்டாம், அது வேண்டிய மட்டும் படித்தாயிற்று.

குழித்துறை_அக்கா

தம்பி, நான் ஸ்லீவ் செய்து நாலு வருஷம் தாண்டிவிட்டது. 108 கிலோவில் உள்ளே போனேன். 69 வரை இறங்கி, அப்புறம் கொஞ்சம் ஏறி, இப்போது 74-ல் நிற்கிறது. அந்தக் கொஞ்சம் ஏறுவது பெரும்பாலும் எல்லாருக்கும் நடக்கும், அதற்கு இப்போதே மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தை முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது வெட்டி எடுக்கிற பாகத்தின் மேல்பகுதியில்தான், அதனால் முதல் மாதங்களில் பசி என்பதே மறந்துபோகும். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்கிற அளவுக்குச் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைப்பார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடுதான் அந்த வழியாகப் போகாது.

வலி என்று கேட்டீர்கள். வயிற்றில் போட்ட துளைகளைவிட எனக்குத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. வயிற்றை உப்ப வைக்கச் செலுத்துகிற வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருகிற வலி, நடக்க நடக்கக் குறையும். அன்றைக்குச் சாயங்காலமே நர்ஸ் சேச்சிமார் வந்து எழுப்பி நடக்க விட்டார்கள். ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகாமல் இருக்கத்தான் அந்த நடை, வயிற்றில் போடுகிற ஊசி, காலில் இறுக்கமான சாக்ஸ் எல்லாம். மூன்று பந்து இருக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தைத் தூக்கு என்பார்கள். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று அதை ஒதுக்கி வைத்துவிடாதீர்கள், சளி கட்டாமல் காப்பது அதுதான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இருமல் மருந்துப் பாட்டிலோடு கோடு போட்ட சின்னக் கப் ஒன்று வருமே, முதல் வாரங்களில் அதுதான் என் தட்டு, டம்ளர், எல்லாம். அதில் 30 மில்லி கஞ்சித் தண்ணீரோ மோரோ ஊற்றி, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை உதட்டை நனைக்கிற மாதிரி குடிக்க வேண்டும். ஒரே மடக்கில் இழுத்தால் நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்தது போல நின்றுவிடும். சுமார் இரண்டு வாரம் திரவம், அடுத்து மசித்தது, அப்புறம் குழைவானது, அதன் பிறகுதான் சாதாரணச் சாப்பாடு. எந்த வாரம் எது என்பதை உங்கள் டாக்டரும் டயட்டீஷியனும் சொல்கிறபடி மட்டும் செய்யுங்கள், பக்கத்து பெட்காரர் தாளைப் பார்த்து மாற்றாதீர்கள்.

நம்ம பக்கத்துச் சாப்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாதமும்தான் வயிற்றை நிரப்பிப் பழக்கம். மரச்சீனியில் புரதம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள், வயிறோ கைப்பிடி அளவுதான். அதனால் தட்டில் முதலில் மீன், முட்டை, பயறு. இடம் இருந்தால் மற்றது, பெரும்பாலும் இருக்காது. எனக்குச் சாளை மீன்தான் கைகொடுத்தது. முள் நீக்கி மசித்தால் தேங்காய் அரைக்காமலே வழுவழு என்று இறங்கும், விலையும் கட்டுப்படியாகும்.

தென்மலை_பயணி

யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல உறுப்பை வெட்டி எறிவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாய்க்குப் பூட்டுப் போட முடியாதவர்கள் வயிற்றுக்குப் பூட்டுப் போடுகிறார்கள். இப்போதுதான் எடை குறைக்க வாரம் ஒரு ஊசி வந்துவிட்டதே, அதைப் போட்டால் என்ன? இந்த ஆபரேஷன் நேற்று முளைத்த சமாச்சாரம், பத்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்று யார் கண்டது?

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

நேற்று முளைத்ததில்லைங்க. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்கிற சர்ஜன் 1966-லேயே எடைக்காக இரைப்பை பைபாஸ் செய்திருக்கிறார். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2000 பேரையும் செய்யாத சுமார் 2000 பேரையும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். செய்துகொண்டவர்களிடையே சாவு குறைவு என்று 2007-ல் முடிவு வெளியானது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. யாரும் பார்த்ததில்லை என்பது மட்டும் சரியில்லை.

வாய்க்குப் பூட்டு என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம். எனக்குப் பி.சி.ஓ.டி., அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து பட்டினி கிடந்து எடையைக் குறைப்பதும் அது திரும்பி வருவதுமாகத்தான் காலம் போனது. எடை குறைந்தால் உடம்பு பசியைக் கூட்டும், செலவழிக்கிற கலோரியைக் குறைக்கும். இழந்ததைத் திரும்பப் பிடிக்கத்தான் அது பார்க்கும். மன உறுதி இல்லாததால் வருகிற நோய் என்று இதைச் சொல்கிறவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் உண்டு. அவர்களுக்கு இப்போது பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

புளியரை_மெடிக்கல்

ஊசி பற்றிக் கேட்ட அண்ணாச்சிக்கு. மருந்துக்கடை வைத்திருப்பதால் தினமும் இந்தக் கேள்வி வருகிறது. மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் நம் நாட்டுக்கு வந்தது, வீகோவி ஜூனில். மௌஞ்சாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒன்று, ஆக மாதத்துக்கு நாலு. நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. மௌஞ்சாரோவின் 72 வார ஆய்வில், அதிக அளவு போட்டவர்களுக்கு உடல் எடையில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. நிறுத்தினால் குறைந்ததில் பெரும் பகுதி திரும்பி வருகிறது, அதையும் ஆய்வு செய்து பார்த்துவிட்டார்கள். எத்தனை வருஷம் அந்தச் செலவைத் தாங்க முடியும் என்பது அவரவர் கணக்கு. பி.எம்.ஐ. 43, கூடவே இன்சுலின், மூச்சுத் தடை என்றால் டாக்டர் ஆபரேஷன் பேச்சை எடுத்ததில் ஆச்சரியம் இல்லை. சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்னால் எடையைக் கொஞ்சம் இறக்கவும், பிறகு ஏறினால் பிடித்து நிறுத்தவும் இதே ஊசியை எழுதுகிறார்கள். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை.

சீட்டு இல்லாமல் ஊசி கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. இங்கேயும் கேட்காதீர்கள்.

வாளையார்_லோடு

நான் பைபாஸ் கட்சி. லாரி ஓட்டுகிறவன். கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் என்று ரோட்டிலேயே வாழ்க்கை. பரோட்டா, பீஃப், ராத்திரி ரெண்டு மணிக்கு டீ. உடம்பு ஏன் ஏறியது என்று ஆராய்ச்சி தேவையில்லை.

எனக்கு நெஞ்செரிச்சல் ஏற்கெனவே கடுமை. எண்டோஸ்கோபி பார்த்துவிட்டு, ஸ்லீவ் செய்தால் எரிச்சல் இன்னும் கூடும், பைபாஸ்தான் நல்லது என்றார்கள். சுகரும் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே இன்சுலின் அளவு பாதிக்கும் கீழே வந்து, அப்புறம் அடியோடு நின்றது. எடை குறைய ஆரம்பிக்கும் முன்பே எப்படி என்று கேட்டேன். சாப்பாடு கீழ்க்குடலுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் அங்கே இன்சுலினைத் தூண்டுகிற ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன என்றார் டாக்டர்.

ரப்பர் அண்ணே, சுகர் நிஜமாகவே போகுமா என்று கேட்டீங்க இல்லையா. போகும், சிலருக்குத் திரும்பியும் வரும். எனக்கு இப்போது ஒரு மாத்திரை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள், இன்சுலின் இல்லை. டீச்சர் சொன்ன அதே ஸ்வீடன் ஆய்வில், சுகர் இருந்தவர்களில் இரண்டாம் வருஷம் 72 சதவீதம் பேருக்குச் சரியாகியிருந்தது, பத்தாம் வருஷம் அது 36 சதவீதமாக இறங்கிவிட்டதாம். நிறைய வருஷமாகச் சுகர் உள்ளவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் ஆகியோருக்கு முழுசாகப் போகிற வாய்ப்பு குறைவு என்பதையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான சங்கதி, டம்பிங். ஆபரேஷன் முடிந்து சில மாதம் இருக்கும். வடக்கஞ்சேரி பக்கம் ஒரு கடையில் பழம்பொரியும் (நேந்திரம்பழ பஜ்ஜி) சீனி போட்ட டீயும். பாதி பழம்பொரிதான் உள்ளே போயிருக்கும். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் நெஞ்சு படபட என்கிறது, சட்டை தொப்பலாக நனைகிறது, வயிற்றைப் பிசைகிறது. கிளீனர் பையன் ஹார்ட் அட்டாக் என்று நினைத்து அழவே ஆரம்பித்துவிட்டான். வண்டியை ஓரம் கட்டி ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கிடந்தேன், கொஞ்ச நேரத்தில் தானாக விட்டது. இனிப்பு அப்படியே குடலில் போய் விழும்போது குடல் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, அதுதான் இந்தக் கூத்து. இன்னொரு ரகமும் உண்டு. சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சுகர் சட்டென்று இறங்கி, கை நடுங்கும், கண் இருட்டும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது விளையாட்டில்லை. கேபினில் குளுக்கோமீட்டர் வைத்திருக்கிறேன். வேர்க்கடலை, அவித்த முட்டை, கொண்டைக்கடலைதான் இப்போது வழித்துணை.

சரக்கு பற்றியும் ஒரு வார்த்தை. பைபாஸ் செய்தவனுக்கு ஒரு பெக் சட்டென்று தலைக்கு ஏறும், இறங்க நேரமும் ஆகும். முன்பு குடிக்காதவர்கள்கூட ஆபரேஷனுக்குப் பிறகு குடியில் விழுகிற ஆபத்து உண்டு என்று என்னை உட்கார வைத்துச் சொன்னார்கள். நான் விட்டாயிற்று.

மேல்புறம்_ரப்பர்

நன்றி அண்ணே. பழம்பொரிக் கதையை வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்கு நெஞ்செரிச்சல் அவ்வளவாக இல்லை. அப்போ ஸ்லீவ்தானா?

குமுளி_ஏலக்காய்

இப்போது எரிச்சல் இல்லை என்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். என் கணவருக்கும் முன்பு பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஸ்லீவ் முடிந்து ஒரு வருஷம் அருமையாகப் போனது. அப்புறம் ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும், இருமிக்கொண்டு எழுந்து உட்காருவார். இரண்டு தலையணை, மூன்று தலையணை, கடைசியில் சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். குழாய் மாதிரி ஆகிவிட்ட இரைப்பையில் அழுத்தம் அதிகம், அதன் மேல்திறப்பும் தளர்ந்துவிட்டால் அமிலம் மேலேறும் என்று பிற்பாடு விளக்கினார்கள்.

ஆபரேஷன் செய்த இடத்தில் (பெயர் வேண்டாம்) முதல் வருஷம் வாரா வாரம் போன் பண்ணி எடை கேட்டார்கள், போட்டோ அனுப்பச் சொன்னார்கள். முன், பின் படம் போட்டு விளம்பரம் முடிந்ததும் அந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை. நேரில் போனால், கேஸ் டயட்டீஷியனிடம் இருக்கிறது, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்கிறார்கள். இங்கிருந்து மலை இறங்கிப் போய், அந்த ஒரு பதிலை வாங்கிக்கொண்டு வர ஒரு நாள் கூலி போச்சு. பிறகு வேறு இடத்தில் எண்டோஸ்கோபி செய்து, மாத்திரைக்கு அடங்காமல், ஸ்லீவைப் பைபாஸாக மாற்றினார்கள். இப்போது நிம்மதியாகப் படுக்கிறார். ஆனால் இரண்டு ஆபரேஷன்.

ரப்பர் அண்ணா, டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: மூன்றாவது வருஷம், ஐந்தாவது வருஷம் என்னை யார் பார்ப்பார்கள், எந்த நாளில், எந்த ஓ.பி.யில்? இதற்கு நேராகப் பதில் வராத இடத்தில், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் மறுபடி கால் வைக்க மாட்டேன்.

நெறியாளர்

"குறைந்த விலையில் ஸ்லீவ், தவணை வசதி" என்று போன் நம்பரோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தனிச் செய்தியில் ஏஜென்ட்கள் யாராவது வந்தால் சொல்லுங்கள். இழை தொடரட்டும்.

புளியரை_மெடிக்கல்

குமுளி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. என் கடைக்கு மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆபரேஷன் கொல்லத்திலோ திருவனந்தபுரத்திலோ, வீடு செங்கோட்டை, தென்காசிப் பக்கம். ஒரு வருஷம் கழிந்ததும் அந்த டாக்டரும் பார்ப்பதில்லை, இங்குள்ள டாக்டருக்கோ என்ன ஆபரேஷன் என்றே தெரியாது. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் விழுகிறார்கள். கண்ணால் பார்த்ததால் சற்று நீளமாகச் சொல்கிறேன்.

பெரிய ஆபத்து, நிற்காத வாந்தி. ஆபரேஷன் ஆன முதல் மாதங்களில் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால் உடம்பில் தயமின், அதாவது பி1, சில வாரத்தில் தீர்ந்துபோகும். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், கண்ணுக்கு ஒன்று இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் பக்கத்து கிளினிக்குக்குப் போய், களைப்பு என்று ஒரு குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிக்கொண்டால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் குளுக்கோஸைச் செலவழிக்க உடம்பு மிச்சமிருக்கிற பி1-ஐயும் எடுத்துக்கொள்ளும். முதலில் தயமின் ஊசி, அதன் பிறகுதான் குளுக்கோஸ். "எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பி1 போட்டுவிட்டு டிரிப் போடுங்கள்" என்று சொல்ல வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து போனில் வையுங்கள்.

அடுத்தது வலி மாத்திரை. முதுகு வலி என்றாலே டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு, பையும் குடலும் சேர்கிற இடத்தில் அது புண் உண்டாக்கும், ரத்தம் கசியும், ஓட்டையே விழலாம். புகையும் அப்படியே. வலிக்கு பாராசிட்டமால் கேளுங்கள்.

சத்து மாத்திரை ஆயுள் முழுக்க. முடி கொட்டுகிற வரை வாங்குவார்கள், நின்றதும் கடைப்பக்கம் வர மாட்டார்கள். பி12 குறைவது உடனே தெரியாது, கல்லீரலில் கையிருப்பு இருக்கும், அது தீர வருஷங்கள் ஆகும். பாதம் எரிகிறது, மறதி வருகிறது என்று வரும்போது நரம்பு பாதிப்பு ஆரம்பித்திருக்கும். கால்சியத்தில் சிட்ரேட் கேட்டு வாங்குங்கள், கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், உங்களுக்கு அது குறைவு. நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரே வேளையில் போடாமல் பிரித்து. இரும்புச் சத்தை அதோடு சேர்க்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீயோடு இரும்பு மாத்திரை போடுவது அதை ஓடையில் போடுவதற்குச் சமம். வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை வேண்டும், ஹீமோகுளோபின், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பி.டி.எச். ஹார்மோன்.

தென்மலை_பயணி

இவ்வளவும் ஆயுசுக்கும் பண்ண வேண்டும் என்றால் அந்த ஒழுங்கை முன்பே சாப்பாட்டில் காட்டியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் அந்தத் தயமின் விஷயம் தெரியாதது. என் மச்சினன் ஒருத்தன் செய்திருக்கிறான், அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

பெண்கள் வாசித்தால் உதவும் என்று இது. பி.சி.ஓ.டி. இருந்து வருஷக்கணக்காகக் குழந்தை தங்காதவர்களுக்கு, எடை குறைய ஆரம்பித்ததும் மாதவிடாய் ஒழுங்காகி, எதிர்பாராமல் கரு தரிக்கலாம். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள், எடை வேகமாக இறங்குகிற அந்தச் சமயத்தில் குழந்தைக்குச் சத்துப் போதாது. பைபாஸ் செய்தவர்கள் கருத்தடை மாத்திரையை நம்ப வேண்டாம், அது சரியாக உட்கிரகிக்காமல் போகலாம், வேறு வழியை டாக்டரிடம் கேளுங்கள்.

நான் காத்திருந்துதான் பெற்றேன். கர்ப்பக் காலத்தில் குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்துச் சுகர் பார்ப்பார்கள் இல்லைங்களா, பைபாஸ் செய்த எனக்கு அதைக் குடித்தால் டம்பிங் வரும். பார்த்த டாக்டருக்கு எடுத்துச் சொன்னதும் அதை விட்டுவிட்டு, வீட்டிலேயே ஒரு வாரம் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். பாப்பாவுக்கு இப்போது இரண்டு வயது, தயிர்சாதத்தைத் தரையில் தேய்ப்பதுதான் முழுநேர வேலை.

குழித்துறை_அக்கா

டீச்சர், பாப்பாவுக்கு என் முத்தம்.

தம்பி, ஆஸ்பத்திரியில் சொல்லித்தராத ஒன்றைச் சொல்கிறேன்: கல்யாண வீடு. நம்ம பக்கத்துப் பந்தி தெரியுமல்லவா, பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம், அப்புறம் இலையிலேயே போளியைப் பிய்த்துப் போட்டு மேலே பால் பாயசம். எனக்கு இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிடும். மூக்கு ஒழுக ஆரம்பிப்பதுதான் எனக்கு அடையாளம், அதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் எழுந்து ஓட வேண்டியதுதான். இலையில் எல்லாம் அப்படியே இருக்கும். விளம்புகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எதிர்வரிசையில் பெண் வீட்டு மாமி ஒருத்தி, "சாப்பாடு பிடிக்கலியோ, எங்க வீட்டு விருந்து வாய்க்கு வெளங்கலியோ" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். இப்போது குழந்தைகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன், என் அப்பளமும் போளியும் தானாகக் காலியாகும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, முன்னும் பின்னும் அரை மணி நேரம் விட வேண்டும் என்பதால் அந்த டம்ளரையும் தள்ளி வைத்துவிடுவேன்.

ஊரில் இன்னொரு பேச்சும் வரும். முகம் ஒட்டி, முடி கொட்டி இருக்கும்போது "ஏதோ பெரிய சீக்கு, மறைக்கிறாள்" என்பார்கள். முடி மூன்றாவது மாதத்திலிருந்து கொத்துக் கொத்தாகப் போகும், சீப்பைப் பார்க்கவே பயமாக இருக்கும். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் திரும்ப முளைத்துவிடும். ஆபரேஷன் என்று சொன்னாலும் பேச்சு, சொல்லாவிட்டாலும் பேச்சு. நான் சொல்லிவிட்டேன், என் வரைக்கும் அது எளிதாக இருந்தது. சொல்லாதவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பாறசாலை_டெய்லர்

நான் பேஷன்ட் அல்ல, என் தங்கச்சி பேஷன்ட். ஆனால் தையல்காரன் என்பதால் இந்தப் பக்கத்தில் ஆபரேஷன் செய்த சிலருடைய அளவு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அவர்கள் யாரிடமும் சொல்லாததைத் துணி பிடிக்கும்போது சொல்வார்கள். தோல் தொங்குவதுதான் பெரும் வருத்தம். மேல்கை, அடிவயிறு, தொடை. வெயில் காலத்தில் அடிவயிற்று மடிப்பில் வியர்த்துப் புண்ணாகும். பேன்ட் இடுப்பை அந்த மடிப்புக்கு மேலே ஏற்றி, உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பேன். ஜாக்கெட்டுக்குக் கை முழங்கை வரை. முதல் ஒரு வருஷத்துக்குப் புதுத் துணி நிறைய எடுக்காதீர்கள், ஓரத்தில் துணி விட்டுப் பிரித்துப் பிடித்தால் போதும். தோலை வெட்டித் தைக்கிற பிளாஸ்டிக் சர்ஜரி எடை நிலைத்த பிறகுதான் என்பார்கள்.

தங்கச்சிக்கு நடந்தது வேறு. கிடுகிடுவென்று எடை இறங்கியதில் பித்தப்பையில் கல் வந்துவிட்டது. அதைத் தடுக்கச் சுமார் ஆறு மாதம் அர்சோடியாக்ஸிகோலிக் ஆசிட் மாத்திரை தருவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு எழுதுவார்களா என்று முன்னமே கேளுங்கள்.

எடை திரும்ப ஏறியவர்களின் அளவும் நோட்டில் இருக்கிறது. அவர்கள் யாரும் பிரியாணி தின்று ஏறவில்லை. மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம், சீனி டீ என்று வயிற்றில் நிற்காமல் வழுக்கி இறங்குவதைக் கொறித்துக் கொறித்துத்தான் ஏறியிருக்கிறது.

மேல்புறம்_ரப்பர்

இன்சூரன்ஸ் விஷயம் யாருக்காவது தெரியுமா? ஏஜென்ட் "இது அழகுக்காகச் செய்வது, கிடைக்காது" என்கிறார்.

புளியரை_மெடிக்கல்

அழகுக்கு என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்குப் பட்டியலில் உடல்பருமனுக்கு ஆறாம் எண். அதிலேயே நிபந்தனை போட்டிருக்கிறார்கள். டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும், மருத்துவ நெறிமுறைப்படி தேவை இருக்க வேண்டும், வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல். 35 அல்லது அதற்கு மேல் என்றால், மற்ற வழிகள் பலிக்காமல், இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத டைப் 2 சுகர் போன்ற ஒன்று கூடவே இருக்க வேண்டும். இவை எல்லாம் பொருந்தினால் அந்த விலக்கைக் காட்டி மறுக்க முடியாது. பாலிசி எடுத்து எவ்வளவு காலம் ஆனது என்ற காத்திருப்பு விதி தனி. முன்பே இருந்த நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு 2024-ல் நாலு வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. ஏஜென்ட் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, கம்பெனிக்கு எழுத்தில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட், மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு, பத்தியம் இருந்த பழைய சீட்டு, எதையும் தொலைக்காதீர்கள்.

வாளையார்_லோடு

அண்ணே, வீட்டு அக்காவின் பயத்துக்கு ஒரு வார்த்தை. செத்துப்போவது அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். தையல் போட்ட வரிசையில் கசிவு என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்த பிறகும் வரும். காய்ச்சல், நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டிக்கொண்டே இருப்பது, வயிற்றிலோ இடது தோளிலோ குறையாத வலி, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் கேஸ் டிரபிள் என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. உங்களுக்குத் திருவனந்தபுரம் கிட்டத்தான், ஆனாலும் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசல் தெரிந்ததே. ஐ.சி.யூ. உள்ள இடமா, ராத்திரியில் சர்ஜன் வருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்க முடிந்தால் இன்னும் நல்லது.

மேல்புறம்_ரப்பர்

தாமதத்துக்கு மன்னிக்கவும், மழை விட்டதால் ரப்பர் பால்வெட்டு நடக்கிறது. வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். கேள்வி எல்லாம் அவள்தான் கேட்டாள், இந்த இழையிலிருந்து எழுதி எடுத்து வந்திருந்தாள். ஐந்தாம் வருஷம் யார் பார்ப்பார்கள் என்றதும் டாக்டர் சிரித்துவிட்டு, இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொல்லி, வருஷாந்திர ஓ.பி. நாளை எழுதிக் கொடுத்தார்.

எண்டோஸ்கோபியில் எச்.பைலோரி என்கிற கிருமி இருக்கிறது, முதலில் அதற்கு மருந்து. சுகரையும் கொஞ்சம் இறக்க வேண்டுமாம். ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு வாரம் சாதம், மரச்சீனி எதுவும் கிடையாது, குறைந்த கலோரியில் புரதப் பாலும் காய்கறியும்தான். கொழுப்பு படிந்த கல்லீரல் சுருங்கினால்தான் அதைத் தூக்கிப் பிடித்து இரைப்பையைப் பார்க்க முடியும் என்றார். சுகர் கணக்கைப் பார்த்து, பைபாஸ் என்று பேசியிருக்கிறோம். இன்சூரன்ஸுக்கு எழுதிக் கேட்டாயிற்று, பதில் வரவில்லை. சென்னைச் செய்தியை அவள் இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை. அது இருக்கட்டும் என்கிறாள்.

வேறு ஏதாவது கொண்டு போக வேண்டுமா?

குழித்துறை_அக்கா

உங்கள் சிபேப் மெஷினையும் மாஸ்கையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், மயக்கம் தெளிந்த ராத்திரி அதுதான் அவசியம். வீட்டில் பழகிய மாஸ்க் இருந்தால் நர்ஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். அப்புறம் முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள சட்டை இரண்டு, வழுக்காத செருப்பு ஒன்று. அந்தக் கோடு போட்ட கப் என்னிடம் நாலைந்து சும்மா கிடக்கிறது, களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் வந்து தருகிறேன்.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

போன் சார்ஜருக்கு நீளமான வயர். பிளக் பாயின்ட் எப்போதும் கட்டிலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.